ஐந்து வயதுப் பீப்பாய்

மூன்றாவது கிளாஸை முகர்ந்து வைத்ததும் மூக்கம்மா இடது கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் அழுகிறாரோ என்று பதறுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை, மூக்குக்கு ஓய்வு கொடுக்கிறார். "கண்டதையும் மோந்து மோந்து மூக்கு களைச்சுப் போயிடும். அப்போ நம்ம தோலோட வாசனைக்குத் திரும்பி வந்துடணும். அதுதான் அதுக்கு வீடு" என்பார். மூன்று மூச்சு வீட்டில் இருந்துவிட்டு, நிமிர்ந்து, நான்காவது கிளாஸைக் கையில் எடுப்பார்.

கடல் தாண்டி வருகிற விஸ்கியை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு இதுதான் வேலை. முகர்வது, ஒரு வாய் வைத்து நாக்கில் சுழற்றுவது, துப்புவது, நோட்டில் எழுதுவது. பத்தொன்பது வருடமாக அவர் 'வாங்கலாம்' என்று எழுதியதை வாங்கியிருக்கிறார்கள், 'வேண்டாம்' என்று எழுதியதை விட்டிருக்கிறார்கள். கீழே கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள் வைத்த பெயர் மூக்கம்மா. பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரு கிளி மூக்கை எதிர்பார்த்து ஏமாந்து போவார்கள். இருப்பது சின்ன மூக்கு. மூக்குக் கண்ணாடி நிற்கக்கூட இடம் போதாமல் அடிக்கடி நழுவுகிறது.

வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கடிதம் தட்டச்சு செய்கிற வேலைதான். ஒருநாள் சரக்கு லாரி வந்து வாசலில் நிற்க, ஏதோ கையெழுத்து வாங்கக் கீழே இறங்கியவர், லாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து, "அந்தக் கடைசி வரிசையில ரெண்டு பாட்டில் உடைஞ்சிருக்கு. ரெண்டும் வேற வேற சரக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். லாரி டிரைவர் சிரித்தார். பெரிய முதலாளி சிரிக்கவில்லை. பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். இரண்டு பாட்டில், இரண்டு வேறு சரக்கு. மறுநாளே தட்டச்சு இயந்திரம் வேறொருவர் மேசைக்குப் போய்விட்டது.

அவருடைய அறை மாடியில் நடைவழியின் கடைசியில் இருக்கிறது. வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல், வெள்ளைத் தாள் விரித்த மேசை, கைகழுவும் தொட்டி, கிளாஸ் வைக்க ஓர் அலமாரி. காற்றாடி சுற்றக்கூடாது. பூச்சாடி கூடாது. கதவில், 'வாசனை பூசியவர்கள் வெளியிலேயே நின்று பேசவும்' என்று அவர் கைப்பட எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு நிர்வாகத்தைப் பார்க்கிற மகன் முகம் மழித்தபின் தாராளமாக சென்ட் அடித்துக்கொள்பவர். ஆகவே தம் சொந்தக் கம்பெனியின் இந்த ஓர் அறைக்கு அவர் வாசல்படி விருந்தாளி. "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்பார். "தம்பி, நீங்க மாடிப்படி ஏறும்போதே உள்ள வந்துட்டீங்க. அங்கயே நில்லுங்க" என்று பதில் வரும். மற்றவர்கள் முன்னால் முதலாளி, இல்லாதபோது தம்பி.

வீட்டில் கணவருக்கு இந்த மூக்கால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், வாசனைப் பிரியர். கல்யாணமான புதிதில் தலைக்கு ஒரு தைலம், முகத்துக்கு ஒரு பவுடர், சட்டைக்கு ஒரு சென்ட் என்று மூன்று அடுக்காக மணந்தவரை, ஒவ்வொரு அடுக்காக உரித்து வெறும் மனிதராக்கி விட்டார் மூக்கம்மா. இப்போது மனைவிக்கு விடுமுறை வருகிற நாளில் மட்டும் அந்த மூன்றையும் ஒன்றாகப் பூசிக்கொண்டு, மனிதர் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூக்கம்மா மாத்திரம் ஜன்னல் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவார்.

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்காத உறவினர் இல்லை. நாத்தனார் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "அண்ணி, காலையில பத்து மணிக்கே ஆரம்பிச்சுடுவீங்களாமே?" என்று கண்ணைச் சிமிட்டுவார். "ஆமா. பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணி வரைக்கும் துப்புவேன். குடிக்கிறவனுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?" என்பார் மூக்கம்மா. வீட்டுக்கு வந்தால் வெந்நீர்தான். அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார் என்று மகள் குற்றம் சாட்டுகிறாள். அவர் மறுப்பதில்லை.

அவர் நோட்டில் எழுதுகிற மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சரக்கைப் பற்றி எழுதினால் ஏதோ தோட்டக்கலைக் கண்காட்சிக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். மூக்கம்மாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது. 'மழையில் நனைந்த கம்பளிச் சட்டையை அடுப்பு பக்கத்தில் காயப் போட்டது.' 'புதுச் செருப்புக் கடை.' 'வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்த வீடு, ஆனால் நல்ல வீடு.' கடைசியாகச் சொன்னது முப்பது வயதான ஒரு விலையுயர்ந்த சரக்கைப் பற்றி. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, இதை அச்சடிச்சு பாட்டில் கழுத்துல மாட்டினா எவன் வாங்குவான்?" மூக்கம்மா யோசித்துப் பார்த்து, "வீடு தேடறவன் வாங்குவான்" என்றார்.

புதிய சரக்கைக் கிளாஸில் ஊற்றியவுடன் மூக்கை விடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. முதல் மூச்சில் சாராயத்தின் காரம்தான் சுருக்கென்று ஏறும். இளம் சரக்கு என்றால் இன்னும் கூடுதலாக. "அவசரப்படாதீங்க. அது முதல்ல தும்மிட்டுத்தான் பேசும்" என்று சொல்லி, கிளாஸின் வாயை ஒரு சின்னக் கண்ணாடித் தட்டால் மூடிவைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை நேரம் என்று கணக்கு கிடையாது. அது தும்மி முடிக்கிற வரைக்கும்.

இந்த இளம் சரக்கு விஷயத்தில்தான் முதலாளிக்கும் அவருக்கும் இரண்டு வருடமாக இழுபறி. முதலாளியின் கட்சி எளிமையானது: வாங்குகிறவன் வயதைக் கேட்கிறான், நிறத்தைப் பார்க்கிறான், பன்னிரண்டு, பதினெட்டு என்று எண் பெரிதாக இருக்க வேண்டும், பாட்டிலில் கறுத்துத் தெரிய வேண்டும். மூக்கம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வயசை வெச்சுக் குணத்தைச் சொல்லிட முடியுமா தம்பி? எங்க தெருவுலயே எண்பது வயசுல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் தங்கம். இன்னொருத்தர் வந்தா நாய்கூட எதிர்ப்பக்கம் போயிடுது."

விஸ்கிக்கு நிறமும் பாதிக்கு மேல் மணமும் பீப்பாயின் மரத்தில் இருந்துதான் வருகின்றன. அமெரிக்க ஓக் மரம் வெனிலாவின் மணத்தையும் தேங்காயின் இனிப்பையும் தரும். தங்கமான மரம். ஆனால் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு அதற்கு நிறுத்தத் தெரியாது என்பது மூக்கம்மாவின் புகார். "மாமியார் மாதிரிங்க. அஞ்சு நாள் வந்து இருந்தா வீடே மணக்கும். அதுக்கு மேல இருந்தா சமையலறை அவங்களோடது." ஐந்து வருடச் சரக்கில் அதை வடித்த பார்லியும் பேசும், மரமும் பேசும், பன்னிரண்டு ஆனால் மரம் பேசும், சரக்கு தலையாட்டும். இதையே அவர் கரடியாகக் கத்தியும், முதலாளி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் ஒருவழியாக அவர் இறங்கி வந்தார். ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி ஒரு முழுப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, அதைத் தனக்கென்றே பாட்டிலில் நிரப்பி வரவழைக்கும். அதற்காக மூன்று மாதிரிக் குப்பிகள் வந்தன. இரண்டு, பழைய பெரிய வடிசாலைகளின் கறுத்த முதிர்ந்த சரக்கு. மூன்றாவது, தொடங்கிச் சில வருடங்களே ஆன ஒரு சின்ன வடிசாலையின் சிங்கிள் மால்ட், வேறெந்தச் சரக்கும் கலக்காத பார்லி விஸ்கி. அமெரிக்க ஓக்கில் ஐந்து வருடம். வெளியாளுக்கு அவர்கள் நீட்டுகிற முதல் பீப்பாய் இதுதான் என்று அதை நடத்துகிற அம்மாள் ஒரு கடிதமும் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மூன்றையும் முகர்ந்தார் மூக்கம்மா. கறுத்தவை இரண்டும் எதிர்பார்த்தபடியே இருந்தன, திராட்சை வற்றலும் தோல் சோபாவும். பிறகு இளசை எடுத்தார். தும்மவிட்டார். மூக்கை வைத்தார். வெனிலா வந்தது. அதன் பின்னால், நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வந்தது.

இன்னொரு தடவை வைத்தார். அட்டைதான்.

தாம் சண்டை போட்டு வரவழைத்த பிள்ளை. அதனாலேயே கூடுதலாகக் கண்டித்தார். வேண்டியவர் என்று சாய்ந்துவிட்டோம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது, பாருங்கள். மூன்றாவது தடவை முகர்ந்து பார்த்தால் மனசு சாக்குத் தேடும் என்று நினைத்து, நோட்டை எடுத்து, 'ஐந்து வருடம்: அட்டை வாசனை. பீப்பாயிலேயே கோளாறாக இருக்கலாம். வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. நோட்டில் இருந்ததை அப்படியே வடிசாலைக்குக் கடிதமாக அனுப்பினார். அவர் சொல்லாததுதான் மூக்கம்மாவுக்கு அதிகம் வலித்தது.

புதன்கிழமை காலை அவர் வந்தபோது மேசைமேல் ஒரு தாள் இருந்தது. வடிசாலை அம்மாளின் பதிலை முதலாளி அச்செடுத்து வைத்திருந்தார். உங்கள் கடிதம் கிடைத்தது; நாங்கள் மூன்று பேர் முகர்ந்து பார்த்தோம், எங்களுக்கு அட்டை தெரியவில்லை; ஆனால் உங்கள் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், எங்கள் மூக்கு இன்னும் பழகாததாக இருக்கலாம்; குறையுள்ள பீப்பாயைத் தனிச் சரக்காக யாருக்கும் விற்க விரும்பவில்லை; புதன்கிழமை காலை மற்ற சரக்கோடு சேர்த்துக் கலவைத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். நன்றி.

மூக்கம்மா அதை இரண்டு முறை படித்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் தண்ணீர் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கம்பெனியில் பெயர் பளிச்சு. அவர் கை பட்ட தரையும் பாத்திரமும் அப்படி இருக்கும். மூக்கம்மாவின் டம்ளர் கழுவாமல் கிடந்ததால், பளிச்சு அலமாரியைத் திறந்து ஒரு முகரும் கிளாஸை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மூக்கம்மா வாயருகே கொண்டுபோனார். கொண்டுபோன கை அப்படியே நின்றது.

வெறும் தண்ணீரில் அட்டை வாசனை.

"பளிச்சு, இந்தக் கிளாஸ் எங்க இருந்துச்சு?"

"அலமாரியிலதான்க்கா. போன வாரம் நீங்க சொன்ன மாதிரியே கவுத்து வெச்சிருக்கேன்."

சொன்னது உண்மைதான். கிளாஸுக்குள் தூசி விழுகிறதென்று போன வாரம் சிடுசிடுத்தவர் மூக்கம்மா. "எல்லாத்தையும் கவுத்து வை. கீழ ஏதாவது விரிச்சுக்கோ, விளிம்பு உடையப் போகுது" என்று சொன்னவரும் அவரே. பளிச்சு அன்று பிரித்த ஒரு பெட்டியின் அட்டையை அளந்து வெட்டி, தட்டு தட்டாக விரித்து, அதன்மேல் கிளாஸ்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார். குறுகிய வாய், அகன்ற வயிறு. முகர வேறு சரக்கு எதுவும் அந்த நாட்களில் வரவில்லை. ஒரு வாரமாக ஒவ்வொரு கிளாஸும் தன் வயிற்றுக்குள் அட்டையின் மூச்சை அடைத்து வைத்திருந்தது.

ஊற்றுவதற்கு முன் காலிக் கிளாஸை முகர்ந்து பார்ப்பது அவருடைய முதல் விதி. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. திங்கட்கிழமை மட்டும், அந்த இளசைப் பார்த்துவிடும் ஆவலில், பொட்டலம் பிரிக்கிற குழந்தையின் அவசரத்தோடு நேராக ஊற்றிவிட்டார். முற்றிய சரக்கு இரண்டும் அவ்வளவு கனமானவை, அட்டையை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தன. இளசுக்கு எதையும் மறைக்கத் தெரியவில்லை. கிளாஸில் இருந்ததைச் சொல்லிவிட்டது.

மூக்கம்மா எழுந்து தொட்டிக்குப் போனார். ஒரு கிளாஸை வெந்நீரில் கழுவி, நிமிர்த்திக் காற்றில் உலர்த்தி, காலியாகவே முகர்ந்தார். ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடி. குப்பியின் அடியில் இரண்டு வாய் அளவு மிச்சம் இருந்தது. அதை ஊற்றினார்.

நிறம் என்று பார்த்தால் வெளுத்த மஞ்சள். காய்ந்த வைக்கோலைத் தண்ணீரில் ஊறப் போட்டால் வருகிற நிறம். கிளாஸைச் சாய்த்துத் திருப்பினார். கண்ணாடியில் மெல்லிய கோடுகள் அவசரமாக இறங்கின. மூடி வைத்தார். தும்மட்டும் என்று காத்திருந்தார். பிறகு தட்டை நீக்கி மூக்கைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் வெட்டிய பேரிக்காய். வெனிலா, ஆனால் கடையில் விற்கிற வெனிலா அல்ல; வேறு அறையில் யாரோ கேக் சுடுகிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது. இளம் தேங்காயின் பால் இனிப்பு. அதற்கும் அடியில் ஈரமாவு, அதுதான் பார்லி, தன் சொந்தக் குரலில். ஒரு ஓரத்தில் பென்சில் சீவுகிற மணம். ஒரு வாய் எடுத்தார். நாக்கின் நுனியில் தேன், பக்கங்களில் மிளகு, பல் ஈறில் பச்சை மரத்தின் சின்னத் துவர்ப்பு. முடிவு கொஞ்சம் குட்டைதான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து போகிறது. டிராப்பரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். மிளகு அடங்கி, எலுமிச்சைத் தோல் மேலே வந்தது. அட்டை எங்கேயும் இல்லை. துப்பிவிட்டு அவர் சிரித்தார். பயம் இருந்தது, வெட்கம் இருந்தது, ஆனாலும் அவ்வளவு நன்றாக இருந்ததால் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே மத்தியானம்; அந்த வடிசாலையில் இப்போதுதான் காலை வேலை தொடங்கியிருக்கும்.

"தம்பி!" என்று நடைவழியில் அவர் போட்ட சத்தத்தில், கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முதலாளி எழுந்து ஓடிவந்து, வழக்கம்போல் வாசலில் நின்றார். மூக்கம்மா இரண்டு கிளாஸ் தண்ணீரை நடைவழிக்கே கொண்டுவந்து நீட்டினார். ஒன்று அலமாரிக் கிளாஸ், ஒன்று கழுவியது. முதலாளி இரண்டையும் முகர்ந்தார். சென்ட் பூசிய அந்த மூக்குக்கே தெரிந்துவிட்டது.

"இது அட்டை."

"ஆமா. திங்கக்கிழமை நான் எழுதினது கிளாஸைப் பத்தி. பீப்பாயைப் பத்தி இல்ல. போன் போடுங்க, கொட்டிடப் போறாங்க."

முதலாளி போனை எடுக்கவில்லை. கெட்டவர் அல்ல, யோசிக்கிறவர். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. பத்தொம்பது வருஷத்துல நீங்க ஒரு வார்த்தை மாத்தினது இல்ல. உங்க கையெழுத்துன்னா எவனும் மறுபேச்சுப் பேசறதில்ல. இன்னைக்கு ஒண்ணை மாத்தினா, நாளைக்கு நீங்க 'வேண்டாம்'னு சொல்ற ஒவ்வொருத்தனும் உங்க கிளாஸைக் கழுவினீங்களான்னு கேப்பான்."

மூக்கம்மாவுக்கும் அந்தப் பயம்தான். வேறென்ன இருக்கிறது அவரிடம்? பட்டம் இல்லை, படிப்பு இல்லை. ஒரு சின்ன மூக்கும், அது சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சும்.

"கேக்கட்டும். கழுவினேன்னு சொல்றேன்."

"சரி, மாதிரிக் குப்பியோட மூடி சரியில்லன்னு சொல்லிடலாம். வர்ற வழியில ஏதோ ஆயிடுச்சுன்னு."

"அப்புறம் அவங்க ஊர்ல இருக்கிற மூடியெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க."

"இல்லன்னா, சுத்தம் பண்றவங்க கவனக்குறைவுன்னு ஒரு வரி..."

அலமாரி அருகே பளிச்சு அட்டையை உருவி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"கவுத்து வைக்கச் சொன்னது நான். விரிக்கச் சொன்னது நான். காலிக் கிளாஸை மோக்காம ஊத்தினதும் நான்" என்றார் மூக்கம்மா. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கு அவ சோத்தைக் கேக்கறீங்களே தம்பி."

முதலாளி கழுத்தைச் சொறிந்துகொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கறேன். அதுக்காக யானை போன் போட்டு 'நான் சறுக்கிட்டேன்'னு சொல்லுமா?"

"அது விழுந்தா ஊருக்கே சத்தம் கேக்கும், போன் எதுக்கு? நான் விழுந்தது யாருக்கும் கேக்கலையே. அதான் நானே சொல்ல வேண்டியிருக்கு."

முதலாளி எண்ணை அழுத்தி, போனை அவரிடமே கொடுத்தார்.

மூக்கம்மாவும் வடிசாலை அம்மாளும் பேசிக்கொண்டது இருவருக்குமே கொஞ்சம் கோணலாக வருகிற ஒரு மொழியில். தாம் யார் என்று மூக்கம்மா சொன்னார். பீப்பாய் நல்ல பீப்பாய், கோளாறு என் அலமாரியில் என்று சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாள் போனைப் பிடித்தபடியே ஓடுகிற சத்தம் கேட்டது. காலணிகள் கல் தரையில் அடித்தன. ஏதோ ஒரு பெரிய இரும்புக் கதவு. அந்த அம்மாள் தம் சொந்த மொழியில் யாரிடமோ அலறினார். மொழி புரியாவிட்டாலும் 'நிறுத்து' என்பது எந்த மொழியிலும் புரிந்துவிடுகிற சொல்தான்.

மூக்கம்மா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி தம் கட்டுப்பாட்டை மறந்து அறைக்குள்ளேயே வந்து நின்றார். அவர் மணம் அறையெங்கும் பரவியது.

மூச்சு வாங்க அந்த அம்மாள் திரும்பி வந்தார். பீப்பாயைத் தொட்டிப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். மேல் அடைப்பைக் கழற்றியாகிவிட்டதாம். இன்னும் அரைச் சுற்று உருட்டியிருந்தால் வாய் கீழே வந்திருக்குமாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் குரல் உடைந்தது. ஐந்து வருஷம் முன்னால், தொழில் தொடங்கிய முதல் வாரத்தில் தம் கையால் நிரப்பிய பீப்பாய் அது என்றார். கோபமா என்று மூக்கம்மா கேட்டார். இருக்கிறது, மத்தியானத்துக்குள் போய்விடும் என்றார் அவர். பிறகு, சற்றுத் தயங்கி, அது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பேரிக்காய்" என்றார் மூக்கம்மா. "பக்கத்து அறையில கேக். பென்சில் சீவறாங்க. இன்னும் சின்னப் பிள்ளைதான், ஆனா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நாங்க எடுத்துக்கறோம்." முதலாளியைப் பார்த்தார். முதலாளி, இரண்டு வருடமாக மறுத்துவந்த அந்த மனிதர், இரண்டு முறை தலையை ஆட்டினார். மொழி தடுமாறியதில் இதெல்லாம் அந்த அம்மாளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஆனால் பென்சில் என்றதும், ஆமாம், ஆமாம் என்று அங்கே கத்தினார். போனை வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் கேளுங்கள் என்றார்.

போன் ஏதோ மரத்தின் மேல் வைக்கப்பட்டது. யாரோ ஒரு சுத்தியலை எடுத்தார்கள். மரக்கட்டையை மரத்துளையில் வைத்து அடிக்கிற சத்தம் கேட்டது. முதல் இரண்டு அடியும் வெறுமையாக ஒலித்தன, மூன்றாவது இறுகி ஒலித்தது.

பளிச்சு இன்னும் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அலமாரி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். மூக்கம்மா நான்காவது அடிக்குக் காத்திருக்கவில்லை. எட்டி அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, போனைத் தம் காதிலிருந்து எடுத்து அவர் காதில் வைத்தார்.

"கேளு. அடைக்கிறாங்க."